பாசுபதேஸ்வரியின் ஐஸ் பிளாஸ்க்

திருவண்ணாமலைக்கு வருகிறவர்கள் இரண்டு வகை. மலையை அண்ணாந்து பார்க்க வருகிறவர்கள் ஒரு வகை, கண்ணை மூடிக்கொண்டு தங்களுக்கு உள்ளே பார்க்க வருகிறவர்கள் இன்னொரு வகை. செங்கம் ரோட்டில் வாடகை அறை எடுத்துத் தங்கிய வெள்ளைக்காரர்களில் பலர் உள்ளே பார்த்துப் பார்த்தே பாதியாக இளைத்துப்போனார்கள். ஆனால் எனக்குத் தெரிந்து இந்த ஊரில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்து, அளந்து, அடுத்தவர்களுக்கும் விளக்கமாகச் சொன்னவள் ஒருத்திதான். அவள் பார்த்த இடம் மட்டும் கொஞ்சம் வேறு. கர்ப்பப்பையின் உள்சவ்வு.

தொண்ணூறுகளின் நடுவில் எனக்கு வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில் இளநிலை உதவியாளர் வேலை. செங்கம் ரோட்டில், வேலைக்குப் போகும் பெண்களுக்கான ஒரு ஹாஸ்டலில் தங்கியிருந்தேன். என் அறையில் இன்னொரு கட்டில் காலியாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதில் வந்து உட்கார்ந்தவள்தான் அவள். பெண்கள் கல்லூரி ஒன்றில் விலங்கியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டே டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சியும் செய்துவந்தாள். மாதவிடாய்ச் சுழற்சியின்போது கர்ப்பப்பை உள்சவ்வில் நொதிகள் என்னென்ன வேலை செய்கின்றன என்பதுதான் ஆராய்ச்சி. லேப் வேலூரில். பேச்சு மட்டும் எங்கள் ஹாஸ்டலில்.

வந்த அன்றைக்கே சமையல்கார முனியம்மா கேட்டாள்.

"நீ இன்னாம்மா படிக்கிற?"

"ஆசிட் பாஸ்படேஸ், ஆல்கலைன் பாஸ்படேஸ்க்கா. ரெண்டும் கர்ப்பப்பையில இருக்கற நொதிங்க."

முனியம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"பாசுபதேஸ்வரியா? ரெண்டு பேரா? அக்கா தங்கச்சிங்களா?"

வேறு யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். அவள் ஒரு நிமிடம் யோசித்தாள்.

"அப்பிடித்தான் வெச்சுக்குங்களேன். ஆல்கலைன்தான் பெரியவ, அவளுக்கு மாசத்துல மொத பாதி. உள்ள வீடு கட்டறா. சின்னவளுக்கு ரெண்டாவது பாதி. குடிவர ஆள் வரலைன்னு தெரிஞ்சா கட்டுன வீட்டை இடிக்கறதுக்கு ஆளு சேத்துக்கினே இருப்பா."

"கட்டறது ஒருத்தி, இடிக்கறது ஒருத்தி. எங்க வூட்லயும் அதான்" என்று முனியம்மா பெருமூச்சு விட்டாள். அன்றிலிருந்து அவள் பெயர் பாசுபதேஸ்வரி. கல்லூரிப் பதிவேட்டில் இருந்த நிஜப் பெயர் எங்கள் யாருக்கும் அவசியப்படவில்லை.

மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தால் "சாப்டாச்சா?" என்பார்கள். இவள் "இன்னிக்கு எத்தனாவது நாளு?" என்பாள். பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது கேட்பாள். இட்லியைப் பிட்டு வாயருகே கொண்டுபோகும்போது கேட்பாள். பதில் சொல்லிவிட்டால் போதும், உடனே உள்நாட்டு நிலவரம் வந்துவிடும்.

"அப்ப உனக்கு இன்னிக்கு ஆல்கலைன் ஜாஸ்தி, ஆசிட் கம்மி. அடுத்த வாரம் பாரு, அப்பிடியே மாறிடும்."

கொஞ்ச நாளில் ஹாஸ்டல் பெண்கள் இதைத் தங்கள் வசதிக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள். குளியலறையில் அரை மணி நேரம் எடுத்துக்கொண்டவள் வெளியே வந்து, "நான் இல்லப்பா, பாஸ்படேஸ்" என்றாள். அடுத்தவள் ரிப்பனை எடுத்துக்கொண்டு போனவளும் அதையே சொன்னாள். பாசுபதேஸ்வரிக்கு மூக்கு சிவந்துவிட்டது. மெஸ்ஸில் நின்றுகொண்டே ஒரு கண்டனக் கூட்டம் நடத்தினாள்.

"கோவத்துக்கும் பாஸ்படேஸுக்கும் சம்பந்தம் இருக்குன்னு நான் எப்பவாவது சொன்னேனா? உங்க குணத்துக்கெல்லாம் என் நொதி மேல பழி போடாதீங்கடி. அது பாவம், அது வேலையை அது பாத்துக்கினு கெடக்குது."

நொதியைப் பாவம் என்று சொன்ன ஒரே மனுஷி.

ஹாஸ்டலின் உரிமையாளரை நாங்கள் ஹாஸ்டலம்மா என்போம். போளூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த சமணக் குடும்பம். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவார். எறும்பு வரிசையைக் கண்டால் சுற்றிக்கொண்டு போவார். அந்த வீட்டு ஃப்ரிட்ஜில் முட்டை ஓடுகூட நுழைந்ததில்லை. அப்படிப்பட்ட ஃப்ரிட்ஜில் தயிர்ப் பாத்திரத்துக்கும் கறிவேப்பிலைக்கும் நடுவில் ஒரு நாள் மூடி இறுக்கிய குட்டி டப்பா ஒன்று ஐஸ் சூழ உட்கார்ந்திருந்தது.

"யாருது இது?" என்று ஹாஸ்டலம்மா கூடத்தில் நின்று கேட்ட குரலில் எங்கள் எல்லோருக்கும் காது அடைத்துவிட்டது.

"என்னுதுங்கம்மா" என்றாள் பாசுபதேஸ்வரி. "சாம்பிள்."

"மாமிசமா?"

"சாப்பிடற மாமிசம் இல்லீங்கம்மா. கர்ப்பப்பை உள்சவ்வு."

முனியம்மா தூணைப் பிடித்துக்கொண்டாள். இன்றோடு பெட்டி படுக்கையை வெளியே எறிந்துவிடுவார் என்று நாங்கள் நினைத்தோம். ஹாஸ்டலம்மா கண்ணை மூடி நின்றார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"இதுக்காக உயிர் ஏதாவது போச்சா?"

"இல்லீங்கம்மா! அந்தம்மா நல்லா இருக்காங்க. ஆப்பரேஷன் முடிஞ்சு நேத்து ரெண்டு இட்லி சாப்ட்டாங்க. மூணாவது கேட்டதுக்கு டாக்டர்தான் வேணாம்னுட்டாரு."

ஹாஸ்டலம்மா நெடுநேரம் யோசித்து ஒரு தீர்ப்புச் சொன்னார். உயிர் போகாததால் குற்றம் இல்லை. ஆனாலும் தயிருக்குப் பக்கத்தில் அது இருக்கக்கூடாது. அந்தச் சாயங்காலமே ஃப்ரிட்ஜில் இருந்தவை அனைத்தும் தோட்டத்துக்குப் போயின. ஃப்ரிட்ஜ் மூன்று முறை கழுவப்பட்டது. பாசுபதேஸ்வரி கடைத்தெருவுக்குப் போய் வாய் அகன்ற நீலநிற பிளாஸ்க் ஒன்றை வாங்கி வந்தாள். அதற்குப் பிறகு சாம்பிள் கிடைக்கும் நாளில் அந்த பிளாஸ்க்கில் ஐஸை நிரப்பி, நேராக வேலூர் பஸ் பிடித்துவிடுவாள்.

இப்படிப்பட்டவளுக்கும் பெண் பார்க்க வந்தார்கள்.

அவளுடைய அப்பா வந்தவாசியில் பள்ளிக்கூட ஆசிரியர். மாப்பிள்ளை வீடு போளூர். கோயிலுக்கு வரும்போது அப்படியே பெண்ணையும் பார்த்துவிடுகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். இடம் எங்கள் ஹாஸ்டல் கூடம். அப்பா காலையிலேயே வந்துவிட்டார். மகளைத் தனியாக அழைத்துக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மாடி, என்ன படிக்கறேன்னு கேட்டா 'பயாலஜி'ன்னு சொல்லு. அதோட நிறுத்திக்கோ."

"சரிப்பா."

"சத்தியமா?"

"சத்தியமாப்பா."

மாப்பிள்ளை சாதுவாக இருந்தார். பேச்செல்லாம் அவருடைய அக்காதான். நாற்பது வயதிருக்கும். தாய் இல்லாத தம்பியை வளர்த்தவர். வெளுத்த முகம், கறாரான கண்கள். முனியம்மாவின் கேசரியை எல்லோருக்கும் கொடுத்தோம். அக்கா தட்டைத் தொடாமல் விசாரணையை ஆரம்பித்தார்.

"என்ன ஆராய்ச்சிம்மா பண்ற?"

"பயாலஜிங்க."

அப்பா முகத்தில் நிம்மதி தெரிந்தது.

"பயாலஜின்னா செடியா, மிருகமா?"

"மனுஷ உடம்புங்க."

"உடம்புல எது?"

அப்பா இருமினார். நான் இருமினேன். கதவுக்குப் பின்னால் நின்ற முனியம்மாவும் இருமினாள். இத்தனை இருமலையும் மீறி, "கர்ப்பப்பைங்க" என்றாள் பாசுபதேஸ்வரி. அதற்கு மேல் அவளை யாராலும் நிறுத்த முடியவில்லை. மாப்பிள்ளையின் தட்டை நோக்கிக் கை நீண்டது.

"இந்தக் கேசரி இருக்கு பாருங்க, இதான் உள்சவ்வுன்னு வெச்சுக்குங்க. மாசத்துல மொத பாதியில வீடு கட்டறாப்பல இப்பிடி கனமா வளருது. ஆல்கலைன் பாஸ்படேஸ் ஏறுது. முட்டை வெளிய வந்தப்புறம் ஆசிட் பாஸ்படேஸ் ஏறும். குட்டிக் குட்டி பையில அடைஞ்சு கெடக்கும். கரு தங்கலைன்னா ஹார்மோன் எறங்கிடும். பை உடைஞ்சு நொதியெல்லாம் வெளிய வந்து, கட்டுன வீட்டை இடிக்கறாப்பல இந்தக் கேசரியை அரிக்க ஆரம்பிச்சுடும். அது கரைஞ்சு வெளிய வரதுதாங்க மாதவிடாய். இதுல அசுத்தம்னு ஒண்ணுமே இல்லீங்க. உறைஞ்சு போகாம ஓடிவரணும்னுகூட அதுக்குன்னு தனியா ஒரு நொதி வேலை செய்யுதுங்க!"

மாப்பிள்ளை வாயில் இருந்த கேசரி மேலே வருவதா கீழே போவதா என்று தெரியாமல் நின்றுவிட்டது. அவர் கண்களில் நீர் கட்டியது. அக்கா எழுந்தார்.

"கெளம்பலாம்" என்றார். வாசலில் செருப்பை மாட்டிக்கொள்ளும்போது எங்கள் காதில் விழும்படியாகவே சொன்னார். "பொண்ணுக்கு வாய் ஜாஸ்தி."

அப்பா நாற்காலியில் சாய்ந்து கூரையைப் பார்த்தார். பாசுபதேஸ்வரிக்குக் கல்யாணம் தட்டிப்போனதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. "கேசரிக்குப் பதிலா அல்வா வெச்சிருந்தா இன்னும் நல்லா வெளங்கியிருக்கும்" என்றாள்.

அடுத்த வாரம் ஒரு மதியம், குடையைப் பிடித்துக்கொண்டு அந்த அக்கா தனியாக ஹாஸ்டலுக்கு வந்தார். சண்டை போடத்தான் வந்திருக்கிறார் என்று நான் பயந்தேன். எங்கள் அறையில் வந்து உட்கார்ந்தவர் குடையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"அன்னிக்கு நீ சொன்னியே, கட்டறது, இடிக்கறதுன்னு."

"ஆமாங்க."

"எனக்குக் கட்டறதே இல்லம்மா. பாதி மாசம் இடிச்சிக்கினேதான் கெடக்குது. ரெண்டு வருஷமாச்சு. யார்கிட்ட சொல்லுவேன்? தம்பிகிட்டயா? வயசாவுற காலத்துல எல்லாருக்கும் இப்பிடித்தானோன்னு இருந்துட்டேன். அன்னிக்கு ஆம்பளைங்க எதிர்ல நீ பேசனதும் எனக்குக் கோவமா வந்துச்சு. வீட்டுக்குப் போய்ப் படுத்தா தூக்கம் வரல."

நொதி என்ற சொல் அவள் வாயிலிருந்து வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பாசுபதேஸ்வரி எழுந்து போய் அந்த அக்காவின் கீழ் இமையை விரலால் இறக்கிப் பார்த்தாள். சுண்ணாம்பு போல வெளுத்திருந்தது. 

"நான் டாக்டர் இல்லக்கா. செருப்பை மாட்டுங்க, போலாம்" என்றாள். அவ்வளவுதான். அவள் அத்தனை சுருக்கமாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அவளுக்குப் பழக்கமான பெண் டாக்டர் ஒருவரின் நர்சிங் ஹோம் எங்கள் ரோட்டிலேயே இருந்தது. பரிசோதனை செய்த டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். கர்ப்பப்பையில் பெரிய பெரிய நார்க்கட்டிகள். "இவ்ளோ ரத்தம் போயிருக்கு. நீங்க எப்பிடிம்மா நடந்து வந்தீங்க?" என்று கேட்டார். "பஸ்லதான் வந்தேன்" என்றார் அக்கா.

முதலில் ரத்தம் ஏற்றி உடம்பைத் தேற்ற வேண்டும், பிறகு ஆப்பரேஷன் என்று முடிவானது. ரத்தம் கொடுக்க ஆள் தேடியபோது, கேசரியை விழுங்க முடியாமல் தவித்த அந்தத் தம்பி சட்டைக் கையை மடித்துக்கொண்டு படுத்தார். ஊசியைப் பார்த்ததும் மயங்கிவிட்டார் என்பது வேறு விஷயம். மயக்கம் தெளிந்ததும் திரும்பவும் படுத்துக் கையை நீட்டினார்.

பாசுபதேஸ்வரி தினமும் கல்லூரி விட்டதும் அக்காவைப் பார்க்கப் போவாள். ஆராய்ச்சிக்கு அவளுக்குச் சாம்பிள் போதவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் அதைப் பற்றி அக்காவிடம் அவள் மூச்சுக்கூட விடவில்லை. அக்காதான் கேட்டார்.

"எடுத்துப்புட்டு அதை இன்னாம்மா பண்ணுவாங்க?"

"ஒரு பகுதி டெஸ்டுக்குப் போவும்க்கா. மிச்சம்..."

"மிச்சம் உனக்கு வேணுமா?"

"வேணும்க்கா."

"இதை மொதல்லயே கேக்கறதுக்கு இன்னா?"

"உங்களைப் பாத்தா சாம்பிள் மாதிரி தெரியலைக்கா."

அக்கா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஆனால் ஆப்பரேஷனுக்கு அவர் ஒரு நிபந்தனை போட்டார். பௌர்ணமி அன்றைக்குத்தான் வேண்டும், அதுவும் சித்திரைப் பௌர்ணமி. அண்ணாமலையாரைச் சுற்றி அத்தனை ஜனம் நடக்கும் நாளில் தனக்கு ஒன்றும் ஆகாது என்று நம்பினார். டாக்டரும் ஒத்துக்கொண்டார். பாசுபதேஸ்வரிக்குத்தான் பஸ் கவலை. அன்று ஊருக்குள் பஸ் வராது. வேலூர் பஸ் பிடிக்க வேங்கிக்கால் வரைக்கும் போக வேண்டும்.

மதியத்துக்கு மேல் ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. "அக்கா எப்பிடி இருக்காங்க?" என்று மூன்று தடவை கேட்டு, டாக்டர் அவளை அதட்டிய பிறகுதான் பிளாஸ்க்கை நீட்டினாள். வாங்கிக்கொண்டு நானும் அவளும் தெருவில் இறங்கினோம்.

கிரிவலம் போகிறவர்கள் மலையை வலமாகச் சுற்றுவார்கள். கோயிலிலிருந்து கிளம்பிச் செங்கம் ரோடு வழியாக அடி அண்ணாமலைப் பக்கம் போகும் கூட்டம் ஆறு மாதிரி எதிரே வந்துகொண்டிருந்தது. நாங்கள் அந்த ஆற்றை எதிர்த்து நீந்தினோம். ஆட்டோ கிடையாது. சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது.

"எம்மா, இடமா போறீங்களே! வலமா வாங்க!" என்று ஒரு பெரியவர் கத்தினார்.

"வலமா போனா கெட்டுப்போயிடும்ங்க!" என்று இவள் பதிலுக்குக் கத்தினாள்.

"வலமா போனா எப்பிடிம்மா கெட்டுப்போவும்?" என்று அவர் நின்றே விட்டார். அவரைச் சமாதானப்படுத்த நேரமில்லை. அதற்குள் எதிரே வந்த ஒருவரின் தோள்பை இடித்து, பிளாஸ்க் மூடி கழன்று, ஐஸ் முழுவதும் ரோட்டில் கொட்டிவிட்டது. டப்பாவை மட்டும் எப்படியோ பிடித்துவிட்டாள். தார் ரோட்டில் ஐஸ் கரைவதைப் பார்த்து அவள் முகம் அழுவதற்குத் தயாரானது. டப்பாவை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, "அக்காவுது, ஏய், இது அக்காவுது" என்றாள்.

சற்றுத் தள்ளி ஒரு நீர்மோர்ப் பந்தல் இருந்தது. பெரிய மீசைக்காரர் ஒருவர் ஐஸ் பாளத்தைச் சுத்தியலால் உடைத்துக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய்க் கொஞ்சம் ஐஸ் கேட்டேன்.

"உள்ள இன்னாம்மா? பிரசாதமா?"

"மருந்துங்க" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் பின்னாலிருந்து அவள் குரல் வந்தது.

"மருந்து இல்லீங்க. கர்ப்பப்பை உள்சவ்வு. இப்பதான் ஆப்பரேஷன் பண்ணி எடுத்தது. சூடானா நொதியெல்லாம் செத்துடும்ங்க."

சுத்தியல் அந்தரத்தில் நின்றது. மோர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் டம்ளரை வாயிலிருந்து எடுத்தார்கள். அடி விழப்போகிறது என்று நான் முடிவு செய்துவிட்டேன். மீசைக்காரர் டப்பாவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"அந்தம்மா பொழைச்சுக்கிச்சா?"

"நல்லா இருக்காங்க."

"அப்ப சரி" என்று பிளாஸ்க் கழுத்துவரை ஐஸை நிரப்பினார். அதற்குள் மோர் ஊற்றிக்கொண்டிருந்த அவர் மனைவி, "எனக்கு மாசத்துல ரெண்டு தரம் வருதும்மா. அது இன்னாவா இருக்கும்?" என்று கேட்டுவிட்டார். பாசுபதேஸ்வரி அங்கேயே நின்று நர்சிங் ஹோமுக்கு வழி சொல்ல, இன்னும் இரண்டு பெண்கள் சேர்ந்துகொள்ள, நான் அவள் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுக்க வேண்டியதாகிவிட்டது.

மீசைக்காரர் விசில் ஒன்றை எடுத்து ஊதிக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்தார். "வழி வுடுங்க! ஆப்பரேஷன் சாமான் போவுது! வழி வுடுங்க!" கூட்டம் விலகியது. என்ன ஏது என்று தெரியாத ஒரு பெண் பிளாஸ்க்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பாசுபதேஸ்வரி அதைத் தடுக்கவில்லை. "அதுல தப்பு ஒண்ணும் இல்ல" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள். வேங்கிக்காலில் கிளம்பிக்கொண்டிருந்த வேலூர் பஸ்ஸில் அவளை ஏற்றிவிட்டபோது பிளாஸ்க்கில் ஐஸ் குலுங்கிய சத்தம் எனக்கு நாதஸ்வரம் போலக் கேட்டது.

இரண்டு நாள் கழித்து வேலூரிலிருந்து திரும்பியவள் ஹாஸ்டலுக்கு வராமல் நேராக நர்சிங் ஹோமுக்கு ஓடினாள். நான் அக்காவுக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு போயிருந்தேன்.

"அக்கா! உங்களுது ஃபர்ஸ்ட் கிளாஸ்க்கா! ஆசிட் பாஸ்படேஸ் அப்பிடி குதிக்குது! என் கைடே ரெண்டு தரம் பாத்தாரு. இவ்ளோ நல்ல சாம்பிள் வந்ததே இல்லைன்னாரு!"

அக்கா தலையணையில் நிமிர்ந்து உட்கார முயன்றார். 

"என்னுதா? அவ்ளோ நல்லா இருக்குதா?"

"சத்தியமாக்கா."

"மாசா மாசம் பின்கட்டுல தனித்தட்டு வெச்சிக்கினு உக்காந்திருப்பேன்மா. அதைப் பத்தி ஒருத்தர் நல்ல வார்த்தை சொல்லி இன்னிக்குத்தான் கேக்கறேன்" என்றார் அக்கா. அப்புறம் வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தையல் வலித்ததால் அழுதார். நர்ஸ் வந்து எங்கள் இருவரையும் வெளியே அனுப்பிவிட்டாள்.

வீட்டுக்குப் போகும்போது அக்கா பழைய பேச்சைத் திரும்ப எடுத்தார். தம்பிக்கு இப்போது சம்மதமாம். கேசரிகூடச் சாப்பிட ஆரம்பித்துவிட்டாராம். பாசுபதேஸ்வரி அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"தம்பி வேணாம்க்கா. நீங்க போதும்."

அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. அவளுடைய ஆராய்ச்சிக்கு வாய்மொழித் தேர்வு நடந்த நாளில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, தம்பியையும் அழைத்துக்கொண்டு வேலூருக்கு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். பேராசிரியர்கள் கேள்வி கேட்டபோதெல்லாம் தானே பதில் சொல்லிவிடுவார் போலிருந்தது.

பட்டம் வாங்கிய சில மாதங்களில் அவளுக்குத் தெற்கே தூரத்தில் ஒரு கல்லூரியில் வேலை கிடைத்தது. விழுப்புரம் போகும் பாசஞ்சரில் ஏற்றிவிட நான் மட்டும் ஸ்டேஷனுக்குப் போனேன். உருக்கமாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் வாக்கியம் தயாரித்துக்கொண்டு போயிருந்தேன். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். எதிரே கூடை நிறையக் கத்தரிக்காயோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நான் தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு வருவதற்குள் அவர்கள் பேச்சில் இறங்கிவிட்டார்கள். அந்தப் பெண் முதலில் முகத்தைச் சுளித்தாள். பிறகு சுற்றும் முற்றும் பார்த்தாள். பிறகு கூடையை நகர்த்திவிட்டு இவள் பக்கம் நெருங்கி உட்கார்ந்தாள்.

வண்டி நகர்ந்தது. எனக்குக் கையாட்டக்கூட அவளுக்கு ஞாபகம் வரவில்லை. பிளாட்பாரம் காலியான பிறகும் நான் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தேன். அந்தக் கத்தரிக்காய்க்காரியின் மேல் அன்று வந்த பொறாமை எனக்கு இன்னும் முழுசாகப் போகவில்லை.